ராணிக்கு மயில் ஓட்டத் தெரியும்!

ராத்திரி சாப்பாடு முடிந்து, அடுப்படியைக் கழுவிவிட்டு, 'அப்பாடா' என்று வந்து படுத்தால் போதும், "கதை சொல்லும்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள் என் சின்ன மகள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். எனக்குத் தெரிந்த காக்கா, நரி, சிங்கம், முயல் எல்லாம் அவளுடைய ஆறு வயதுக்குள்ளேயே தீர்ந்து போய்விட்டன. பழைய கதையை எடுத்தால், "இது தெரியும், வேற சொல்லு" என்பாள். பிள்ளை வளர்க்கிற எல்லாத் தாய்மார்களும் அனுபவிக்கிற சங்கடம்தானே இது!

ஒருநாள் என் மூத்தவன் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகம் எடுத்து வந்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அவன்தான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொன்னான். நானும் மகளும் உட்கார்ந்து கேட்டோம். 'சிட்டி சிட்டி பாங் பாங்' என்று கதைக்குப் பெயர். பழைய இரும்புக்குப் போகவேண்டிய ஒரு காரை ஒரு குடும்பம் வாங்கிப் பழுது பார்க்கிறது. அப்பா, அம்மா, இரட்டைப் பிள்ளைகள் நாலு பேரும் அதில் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். வழியெல்லாம் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது காரிலே ஒரு விளக்கு எரிந்து, 'இந்தக் கைப்பிடியை இழு' என்கிறது. இழுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தால் கார் திட்டவும் செய்கிறது! இழுத்ததும் இறக்கை முளைத்துப் பறக்கிறது. கடல் வந்தால் தண்ணீர்மேல் போகிறது. பிள்ளைகளைத் திருடர்கள் தூக்கிப் போனபோது அவர்களைக் காப்பாற்றுவதும் அந்தக் கார்தான்.

எழுதியவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய அதே இயான் ஃப்ளெமிங். 1961-ல் அவருக்கு மாரடைப்பு வந்து ஓய்வில் இருக்க நேர்ந்தது. அப்போது தன் மகன் காஸ்பருக்குச் சொல்லிவந்த கதையை எழுத ஆரம்பித்தார். 1964 அக்டோபரில் புத்தகம் வந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ம் தேதி காலமாகிவிட்டார். அன்றுதான் மகனுக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள். இதை மூத்தவன் சொன்னபோது எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. புத்தகத்தின் கடைசியில் ஒரு மிட்டாய் செய்கிற பக்குவமும் கொடுத்திருக்கிறார். கதையில் ஒரு மிட்டாய்க்கடை வருகிறது, அதற்காக. நம் பத்திரிகையைப் போலவே கதையும் பக்குவமும் சேர்ந்து இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்!

கதை முடிந்ததும் சின்னவள் கேட்டாள், "ஏம்மா, நம்ம ஊர்ல இந்த மாதிரி வண்டிக் கதை ஒண்ணுமே இல்லையா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இல்லை?" என்று புஷ்பக விமானத்தைச் சொன்னேன். "நெனச்ச எடத்துக்கு அதுவாப் போகும்" என்றதும், "அதுவும் சிட்டி மாதிரிதானா?" என்று உதட்டைச் சுழித்தாள். அப்போதுதான் பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா சொன்ன மயில் கதை ஞாபகத்துக்கு வந்தது. சீவக சிந்தாமணியில் வருகிற கதை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடியது. மூவாயிரம் பாட்டுக்கு மேல் உள்ள பெரிய காப்பியம். அதை ஏட்டுச்சுவடிகளிலிருந்து தேடி எடுத்து 1887-ல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். அதன் ஆரம்பத்தில் வரும் இந்தப் பகுதியை நாலு ராத்திரிக்குப் பிரித்துச் சொன்னேன். சகோதரிகளுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏமாங்கத நாடு. இராசமாபுரம் தலைநகர். ராஜா பெயர் சச்சந்தன், ராணி பெயர் விசயை. ராணிமேல் இருந்த ஆசையில் ராஜா அந்தப்புரமே கதியென்று கிடந்தார். ராஜ்ய பாரத்தைக் கட்டியங்காரன் என்ற மந்திரியிடம் ஒப்படைத்துவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ராணி ஒருநாள் விடியற்காலையில் கனாக் கண்டாள். ஓர் அசோக மரம் சாய்ந்து விழுகிறது. அதன் அடியிலிருந்து கிரீடம் வைத்தாற்போல் ஒரு புதுக் கன்று முளைக்கிறது. ராஜாவுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. தனக்கு ஆபத்து, பிள்ளை பிழைக்கும். உடனே ஒரு தச்சனைக் கூப்பிட்டு, ஆகாயத்தில் பறக்கிற பொறி ஒன்று செய்யச் சொன்னார். துணி, நூல், அரக்கு, மெழுகு, பசை எல்லாம் வைத்து அவன் ஏழே நாளில் ஒரு மயில் செய்து கொடுத்தான்.

இந்த இடத்தில்தான் என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அது பேசுமாம்மா?"

"பேசாது."

"அதுவாப் பறக்குமா?"

"பறக்காது. ஒரு விசை இருக்கும். வலப்பக்கம் திருகுனா மேலே ஏறும். இடப்பக்கம் திருகுனா கீழே இறங்கும். திருகாட்டி சும்மா பொம்மை மாதிரி நிக்கும்."

"அப்ப யாரு ஓட்டுவா? ராஜாவா?"

"ராணிதான். ராஜா அவங்களுக்கு முன்னாடியே பழக்கி விட்டிருந்தாரு. வயித்துல புள்ளையோட ஏறி உட்காந்து, தெனமும் ஓட்டிப் பழகுனாங்க."

கொஞ்ச நாளில் கட்டியங்காரன் படையோடு அரண்மனையை வளைத்துவிட்டான். ராஜா ராணியை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு வாளை எடுத்தார். நிறைமாதக் கர்ப்பிணி, தன்னந்தனியாக விசையைத் திருகி மேகத்துக்குள்ளே பறந்து போகிறாள். பின்னாலிருந்து எதிரியின் வெற்றி முரசு கேட்கிறது. புருஷன் போய்விட்டான் என்று தெரிந்து மயக்கம் போட்டுவிடுகிறாள். மயில் மெல்ல இறங்கி ஒரு சுடுகாட்டில் கால் ஊன்றுகிறது. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

சுடுகாடு என்று பிள்ளையிடம் சொல்லலாமா, பயந்துகொள்வாளோ என்று எனக்கு யோசனைதான். ஆனால் அதை மாற்றி 'பூந்தோட்டம்' என்று சொன்னால் அந்தத் தாயின் கஷ்டம் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் உள்ளதைச் சொன்னேன். ஆனால் அந்த இடத்தில் நிறுத்தி விளக்கை அணைக்கவில்லை. இறந்துபோன தன் குழந்தையைப் புதைக்க வந்த கந்துக்கடன் என்ற வணிகர் சீவகனைக் கண்டு வாரியெடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி சுநந்தை கையில் கொடுத்தது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தூங்கவைத்தேன். விசயை தவப்பள்ளியில் மறைந்திருந்து, பிள்ளை வளர்ந்து ராஜ்யத்தை மீட்டதைக் கண்ணால் பார்த்தாள் என்பதை மறுநாள் சொன்னேன். இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை. பயம் வருகிற கதை சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அன்றைக்குக் கதையை நிறுத்துகிற இடத்தில் யாராவது ஒருவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு நல்ல தூக்கம் வரும்.

கதை முடிந்த அன்று எல்லோரும் படுத்துவிட்டோம். கட்டிலில் என் மாமியார், கையில் மாவுக்கட்டோடு. கீழே பாயில் நானும் மகளும். இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, ராணிக்கு மயில் ஓட்டத் தெரியும். நம்ம வீட்லயும் ஸ்கூட்டர் நிக்குது. ஒனக்கு ஏன் ஓட்டத் தெரியல?"

நான் பதில் சொல்லவில்லை. அத்தையும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். இது நடந்தது போன ஐப்பசியில். என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். ஸ்கூட்டர் பகல் முழுக்க வாசலில் சும்மா நிற்கும். ஒருநாள் மதியம், நல்ல அடைமழை. அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. வலியில் துடிக்கிறார்கள். ஒரு துணியில் கையைத் தூளி மாதிரி கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். ஆட்டோவுக்கு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். ஒன்றும் வரவில்லை. "108-ஐக் கூப்பிடவா அத்தே?" என்றால், "கை ஒடிஞ்சதுக்கா? உசுருக்குப் போராடுறவங்களுக்கு அது" என்று மறுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையன் காலேஜிலிருந்து வந்து, எங்கள் ஸ்கூட்டரிலேயே அத்தையை உட்காரவைத்துக் கூட்டிப்போனான். நான் குடையோடு பின்னால் நடந்தேன். ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

என் மகள் கேட்டது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

இன்னொரு வெட்கமும் எனக்கு உண்டு. நான் சைக்கிள் ஓட்டிய தாய்க்குப் பிறந்தவள். 1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததோடு, சைக்கிளும் பழகச் சொன்னார்கள். கல்லுடைக்கிறவர்கள், வயல்வேலை செய்கிறவர்கள், டீச்சர்கள் எல்லோரும் பழகினார்கள். கொஞ்ச காலத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை ஹிந்தியில் எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலும் இடம்பெற்றிருந்தது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்காமல், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பெண்களும் ஓட்டினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அதில் ஒரு சௌகரியம்.

என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அன்னவாசல் பக்கம் எங்கள் கிராமம். 1992-ல் அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் கண்மாய்க்கரையில் பழகினாள். ஊரார் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்துக்கொண்டே பழகினாள். மறு வருஷம் என் தம்பிக்கு மூன்று வயதில் வாந்திபேதி கண்டது. அப்பா மாடு பிடிக்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்தார். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை கண் செருகிவிட்டான். அம்மா பக்கத்து வீட்டு மாமாவின் சைக்கிளை வாங்கினாள். கேரியரில் நான், என் மடியில் துணியில் சுற்றிய தம்பி, ஒரு கையில் டார்ச் லைட். ஐந்து கிலோமீட்டர் மண் ரோடு. வழியில் ஒரு தடவை செயின் கழன்றது. அம்மா இறங்கி, இருட்டில் விரலை விட்டு மாட்டி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறினாள். அன்னவாசல் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். பேதி கண்டதுமே, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று. அம்மா அதைக் காலண்டர் அட்டையின் பின்னால் தன் கையாலேயே எழுதி வைத்தாள். அறிவொளியில் கற்ற எழுத்து. கோணல் மாணலாக இருந்தாலும் தப்பில்லாமல் இருந்தது.

அப்படிப்பட்டவளின் மகள் ஏன் பழகவில்லை என்று கேட்பீர்கள். பழக ஆரம்பித்தேன். கண்மாய்க்கரையில் விழுந்து முழங்கை பிசகியது. கட்டு அவிழ்ப்பதற்குள் பெரியவளாகிவிட்டேன். "போதும்" என்றார் அப்பா. அப்புறம் கல்யாணம், டவுன், எங்கே போனாலும் கூட்டிப்போக ஆள். தேவை இல்லை என்றே இருபது வருஷம் போய்விட்டது. என்னவரும் கொண்டுபோய் விடுவாரே தவிர, "பழகிக்கோ" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது அத்தையே ஆரம்பித்தார்கள். "ஏத்தா, ஒங்க அம்மாவ ரெண்டு மாசம் வந்து இருக்கச் சொல்லேன். அவுகளுக்குத்தான் சைக்கிள் விடத் தெரியுமே."

அம்மா வந்தாள். அறுபத்தைந்து வயது. காலையில் ஐந்தரை மணிக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மூத்தவனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி வைத்தோம். பெடலை மிதிக்காமல் காலால் உந்தி உந்தியே முதல் நாலைந்து நாள் ஓட்டினேன். "கீழ பாக்காத. போகவேண்டிய எடத்தப் பாரு" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பத்து நாள் கழித்து, அம்மா பின்னால் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே மைதானத்தைச் சுற்றி வந்தேன். நாற்பத்தைந்து வயதில் அழுதுகொண்டே சிரித்தேன் என்றால் நம்புவீர்களா?

அப்புறம் ஸ்கூட்டர். எல்.எல்.ஆர். போட்டு, 'எல்' ஒட்டி, என்னவரே ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். "வலது கையத் திருகுனா பறக்கும்மா, மயில் மாதிரியே!" என்று திண்ணையிலிருந்து கத்துவாள் மகள். முப்பது நாள் கழித்து டெஸ்ட் கொடுத்தேன். முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டேன். இரண்டாவது தடவை லைசென்ஸ் கிடைத்தது.

என்னைப்போல் நாற்பதுக்கு மேல் பழக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் சைக்கிளில் நிதானம் வரட்டும், அப்புறம் மோட்டார். பழகும் நாட்களில் சுடிதார் நல்லது. சேலை என்றால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, பின் குத்திக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஹவாய்ச் செருப்பு வேண்டாம், பின்னால் வார் வைத்தது போடுங்கள். மூட்டுவலி, தலைசுற்றல், பார்வைக் குறைவு இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தெருமுனைக் கடை வரைக்கும் போனாலும் ஹெல்மெட் போடுங்கள். கைபழகும் வரை பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசலுக்குப் போனோம். என்னவரும் பிள்ளைகளும் பஸ்ஸில். நானும் அம்மாவும் ஸ்கூட்டரில், மெதுவாக. அன்னவாசல் போகிற அதே ரோடு. ஒருகாலத்தில் நான் பின்னால் உட்கார, அம்மா மிதித்தாள். இப்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். வழியில் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அங்கே மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கல் படுக்கைகளைப் பார்த்ததும் என் மகள், "மயில் கதை எழுதுனவரு இங்கதான் படுத்திருந்தாராம்மா?" என்று கேட்டாள். "இது அவருக்கும் ரொம்ப முந்தியது. ஆனா அவரு சமயத்தச் சேந்த பெரியவங்கதான்" என்றேன். ஒரு கல் படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவளாகவே அம்மாச்சிக்கு மயில் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அம்மா அக்கறையாகக் கேட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"மயிலச் செஞ்சு வச்சது பெரிசில்லடி. முன்கூட்டியே பழக்கி விட்டான் பாரு, அதுதான் பெரிசு."

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சகோதரிகளே. தானாகப் பறந்து வந்து காப்பாற்றுகிற கார் கதையில்தான் உண்டு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படட்டும். கூடவே விசயை கதையையும் சொல்லுங்கள், பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும். நாளைக்கு அவன் கட்டிக்கொள்கிறவளுக்கு ஆபத்து வருவதற்கு முன்னாலேயே பழக்கிவிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது மாதம் ஒருமுறை அத்தையைச் சர்க்கரை பார்க்க நான்தான் கூட்டிப்போகிறேன். "மெதுவாப் போத்தா, பறக்காத" என்பார்கள். முப்பதுக்கு மேல் நான் போவதே இல்லை!